ஒன்பதாவது ஆவணம், பார்த்த நாள்

என் சுகந்திக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. பத்து நாளாக நான் பயந்துபோய்க் கிடக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வண்டி ஓடுகிறது. காலையில் திருக்கழுக்குன்றத்தில் ஆட்களை ஏற்றி நாவலூர் ஆபீஸ் வாசலில் இறக்குகிறேன், சாயந்திரம் திரும்பக் கூட்டிவருகிறேன். நீ உட்காரும் முன்சீட்டில் யாரையும் உட்கார விடுவதில்லை. கேட்டால் பெல்ட் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நீ பாடம் எடுத்த செங்கல்பட்டுக் கல்லூரியிலிருந்து உன் மேடம் போன் செய்தார். குப்பத்துக் கரையைக் கடல் எடுத்துக்கொண்டதைப் பற்றி நீ எழுதினாயே, அந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் திருத்தம் கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். இணையத்திலிருந்து இறக்கிய பதினொரு ஆவணங்களைக் கடைசியில் பட்டியல் போட்டிருக்கிறாய். ஒவ்வொன்றையும் எந்த முகவரியில் எடுத்தாய், எந்த நாளில் பார்த்தாய் என்று எழுத வேண்டுமாம். பிள்ளைகள் தேதி போடவில்லை என்றால் சிவப்பு மையில் சுழித்துத் தள்ளுவாயே, உன் கட்டுரையில் மட்டும் எப்படி விட்டாய்? கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். காய்ச்சல் என்று படுத்து ஒன்பதே நாளில் போய்விடுவோம் என்று யாருக்குத் தெரியும்?

பார்த்த நாள் எதற்கு, படித்தால் போதாதா என்று மேடத்திடம் கேட்டேன். புத்தகம் என்றால் அச்சடித்தபடியே இருக்கும், இணையத்தில் இருப்பதை அதே முகவரியில் வைத்துக்கொண்டே மாற்றிவிடலாம், அதனால்தான் எந்த நாளில் இருந்ததை நீ பார்த்தாய் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

உன் லேப்டாப்பைத் திறந்தேன். பத்து ஃபைல் இருந்தது. பக்கத்திலேயே தேதியும் இருந்தது. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, பத்தையும் எழுதி அனுப்பினேன். மேடம் உடனே கூப்பிட்டார். மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, எல்லாத்துக்கும் ஒரே தேதி போட்டிருக்கீங்க. அந்தத் தேதில சுகந்தி இல்லியே."

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். லேப்டாப் ஓடவில்லை என்று போன மாதம் கடையில் கொடுத்திருந்தேன், கடைக்காரர் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவைத்து, மெஷினைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, திரும்ப இறக்கிக் கொடுத்தார். அந்த நாள்தான் எல்லா ஃபைலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ செத்து இரண்டு மாதம் கழித்து, ஒரே நாளில், பத்து ஆவணம் படித்ததாக உன் புருஷன் எழுதிக் கொடுத்திருக்கிறான். நீ இருந்திருந்தால் சிரித்தே என்னை ஒருவழி பண்ணியிருப்பாய்.

அந்தப் பத்துக்கும் வழி பிறந்தது. அவை இன்னும் அப்படியே அந்தந்த இடத்தில் இருப்பதால், மேடம் தானே திறந்து சரிபார்த்து, தான் பார்த்த நாளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். சிக்கல் ஒன்பதாவது. குப்பத்தைப் பற்றிய அரசாங்க அறிக்கை லேப்டாப்பிலேயே இல்லை. நீ கொடுத்த முகவரியில் போனால் வேறு அறிக்கை திறக்கிறது. பேர் அதேதான். ஆனால் இரண்டு தெரு கடலில் போனது என்று நீ எழுதிய இடத்தில், ஒரு தெருவுக்குச் சேதம் என்று இருக்கிறது. பத்திரிகைக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்தவர், இப்படி ஒரு விவரமே அந்த ஆவணத்தில் இல்லை என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமைக்குள் பழையதைக் காட்டாவிட்டால் கட்டுரை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. இல்லாததை நீ எழுதினாய் என்ற பேர் நிற்கும்.

மேடத்திடம் சண்டை போட்டேன். உன்னை அந்தக் குப்பத்துக்குக் கூட்டிப்போனதே நான்தானே. அங்கே ஒரு அம்மா உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீரைக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? "தோ, அலை உடையுது பாரு, அங்கதான் எங்க வூடு இருந்துச்சு. அதுக்கு அந்தாண்ட இன்னொரு தெருவு." என் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன் என்றேன். அதெல்லாம் சரி அண்ணா, அவள் பார்த்ததாகச் சொன்ன தாளைத்தான் கேட்கிறார்கள் என்றார் மேடம்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த அம்மா சொன்னதை நம்பி, அறிக்கையில் இல்லாததை நீயே எழுதிவிட்டாயோ? பதினாறு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியவன் நான். பயம் வந்தால் மனுஷனுக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது பார்.

என் போனில் நான் இன்னும் தேடவில்லை. உன் பேரில் இருக்கும் வாட்ஸ்அப்பை நீ போனதிலிருந்து நான் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து திறந்தேன். பால் வாங்கிட்டு வா, எங்க கீற, மழை வருது பாத்து ஓட்டு. ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே போனேன். ரொம்ப மேலே இருந்தது அது. ஃபைல், தேதி, கீழே உன் எழுத்து.

"யோவ், இத உன் போன்லயும் வெச்சுக்கோ. நாளைக்கே தூக்கிட்டாலும் தூக்கிடுவானுங்க."

அதற்குக் கீழே நான் கட்டைவிரல் போட்டிருந்தேன். ஃபைலின் மேல் இறக்கும் அம்புக்குறி அப்படியே இருந்தது. அன்று நாவலூரில் மற்ற டிரைவர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். வீட்டுக்கு வந்ததும் பாத்தியா என்று கேட்டாய். பாத்தேன் என்றேன். பொய் சொன்னது நீ இல்லை சுகந்தி, நான்.

அம்புக்குறியை அமுக்கினேன். ஃபைல் இப்போது கிடைக்காது, அனுப்பியவரிடம் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது. அனுப்பியவரிடம் எப்படிச் சொல்வேன்?

பீரோவில் உன் புடவைக்கு அடியில் இருந்த உன் போனை எடுத்து சார்ஜில் போட்டேன். பூட்டு போடு போடு என்று உன்னைத் திட்டுவேனே, நல்லவேளை, நீ கேட்கவே இல்லை. அது உயிர் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதிலும் இல்லாவிட்டால்? இருந்து, அதில் ஒரே ஒரு தெருதான் என்றிருந்தால்?

இருந்தது, இதை மட்டும் போனிலேயே இறக்கியிருக்கிறாய். திறந்தேன். ஏழாம் பக்கம், இரண்டு தெரு. விரலை வைத்து மூன்று முறை படித்தேன். அப்புறம் உன் போனிலிருந்து எனக்கே அனுப்பினேன். என் மடியில் கிடந்த போன் உனக்கென்று வைத்த மணியில் அடித்தது. திரையில் சுகந்தி என்று வந்தது. நானே அனுப்பியதுதான் என்று தெரிந்தும் வாய்விட்டு அழுதேன்.

ஃபைலையும், நீ எழுதிய அந்த வரியின் படத்தையும் மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒன்பதாவதற்கு நேராக நீ பார்த்த நாளையே போட்டு, ஃபைலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஏற்றுக்கொள்வார்களா? தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் கட்டுரை வெளிவரும் அன்று வண்டியை ஓரம் கட்டி, அங்கேயே அதை இறக்கி, கடைசி வரிவரை படிப்பேன். பாதி புரியாது, இருந்தாலும் படிப்பேன். படித்து முடித்த பிறகுதான் பாத்தேன் என்று உனக்கு அனுப்புவேன்.

இனி உன்னிடம் பொய் சொல்லாத,
உன் வூட்டுக்காரன்