இடது பக்கம் எடுத்த வகிடு

பீரோவுல உன் போட்டோவத் தேடப் போனேன். கைக்கு உன் ஜடை வந்துச்சு.

ஷூ டப்பாகூட ஒரு துணிப்பை வரும் பாரு, கயிறு இழுத்தா வாய் மூடிக்கிறது, அதுக்குள்ள இருந்துச்சு. உன் கம்பெனில பிரிண்ட் சரியா விழாத பையெல்லாம் நீ எடுத்துட்டு வருவ. நம்ம வீட்ல பூண்டுகூட அதுலதான் கெடக்கும். பழைய சார்ஜர் ஏதாவது இருக்கும்னு நெனச்சு பிரிச்சேன். ரெண்டு முனையிலயும் ரப்பர் பேண்ட் போட்டு, பாம்பு மாதிரி சுருட்டி வெச்சிருந்த. மேல கட்டின எடத்துல சுண்டு விரல் தடிமன். கீழ போகப் போக பென்சில்கூட இல்ல. மோந்து பாத்தேன். தேங்காண்ணெய், கூடவே ஷூ ஒட்டுற பசை. அது பையோட வாசனையா உன்னோடதானு தெரியல. உயிரோட இருக்கிறப்பவும் எனக்கு அது தெரியாது.

சட்டைப் பையில கேஜ் இருந்துச்சு. தோல் தடிமன் பாக்கிற கேஜ்தான். ஞாயித்துக்கிழமைகூட அத எடுத்து வெக்க மாட்டீங்களானு கேப்பியே, இன்னும் வெக்கல. ஜடைய அளக்க கை அதுங்கிட்ட போயிடுச்சு. பாதில நிறுத்திட்டேன்.

வர்ற வியாழக்கிழமை உனக்கு வருஷம். தெருமுனையில நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டணும்னு அம்மா சொல்லுச்சு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கடையில போட்டோ குடுக்கணும். அக்கா பொண்ணுக்குக் காது குத்தினப்போ எடுத்தது, அந்த ஆல்பத்தத் தேடித்தான் பீரோவத் தெறந்தேன். சுவத்துல மாலை போட்டு மாட்டியிருக்கிறதும் அந்தப் போட்டோதான். நீ போனப்போ மொத தடவ அதத்தான் குடுத்தேன். அதையே திரும்பக் குடுத்திருப்பேன், இந்தப் பை கையில சிக்கலனா.

முடி கொட்டுதுனு நீ மொதல்ல சொன்னது கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். பாத்ரூம் ஜல்லடையில சுருண்டு கெடந்தத எடுத்துட்டு வந்து காட்டுன. நான் உடனே கம்பெனிலேர்ந்து தண்ணி டெஸ்ட் பண்ற மீட்டர எடுத்துட்டு வந்துட்டேன். ஆம்பூர் தண்ணி உப்புனு ஊருக்கே தெரியும், அதுக்கு இன்னாத்துக்கு மீட்டருன்னு சிரிச்ச. ஷவர்ல பில்டர் மாட்டினேன். வாரா வாரம் எத்தனை முடி கொட்டுதுனு ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன். நீ ரெண்டு வாரம் எழுதிட்டு, மூணாவது வாரம் அந்தப் பக்கத்துல ஒரு பூனை படம் வரைஞ்சு வெச்சிருந்த.

அதெல்லாம் பரவால்ல. ஒண்ணு மட்டும்தான் என்னால முழுங்க முடியல.

நான் தோல் தரம் பிரிக்கிற டேபிள் வடக்கு ஜன்னல் ஓரமா இருக்கும். அந்த வெளிச்சத்துலதான் குறை தெரியும். ஒரு நாள் காலையில உன்னையும் அப்படித்தான் ஜன்னல் ஓரமா உக்கார வெச்சேன். வகிட்டுல கட்டை விரல அழுத்தித் தள்ளிப் பாத்தேன், தோல தள்ளிப் பாக்கிற மாதிரியே. உச்சந்தலை நல்லாவே தெரிஞ்சுது. இன்னாங்க டெக்னீஷியன் சார், என்ன கிரேடுன்னு நீதான் கேட்ட. நான் யோசிக்கவே இல்ல. பெல்லின்னு சொல்லிட்டேன்.

பெல்லினா இன்னான்னு மத்தவங்க பொண்டாட்டிங்களுக்குத் தெரியாம இருக்கலாம். நீ ஷூவோட மேல்பக்கம், அந்த அப்பர் தைக்கிற லைன்ல சூப்பர்வைசர். மாட்டோட வயித்துப் பக்கத்துத் தோலு, மெல்லிசா தொளதொளன்னு இருக்கும், ஷூவுல வெளிய தெரியிற எடத்துக்கு வெக்கவே மாட்டாங்க. உனக்கு அது தெரியும். நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அந்த ஜன்னல் ஓரமா நீ ஒரு நாள்கூட தலை வாரல. அத நான் கவனிச்சது நீ போனதுக்கு அப்புறம்.

காது குத்துக்கு அம்மா வேலூர் பஜார்ல சவுரி வாங்கிட்டு வந்துச்சு. மருமவ தலை இப்படி இருந்தா அக்கா மாமியார் வீட்டு குடியாத்தத்துக்காரங்க சும்மா விடுவாங்களான்னு. சவுரி வெச்சு, ஜடை பின்னி, அது மேல பூ வெச்சு, அந்தக் கனத்துல மத்தியானத்துக்குள்ள உனக்குத் தலைவலி வந்துடுச்சு. போட்டோ எடுக்கறப்போ கழுத்த லேசா சாய்ச்சிருக்க. பாக்கறவங்க வெக்கம்னு நெனப்பாங்க. வலின்னு எனக்குத் தெரியும். பஸ்ல வர்றப்போ அதக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, இது வேற யாரோ பொம்பள மாதிரி இருக்குதுங்கன்னு சொன்ன.

அதுக்கப்புறம்தான் நீ வீடியோவா பாக்க ஆரம்பிச்ச. மெல்லிசு முடிக்கு எந்த கட்டிங் வெச்சா அடர்த்தியா தெரியும்னு. ஒரு நாள் தோசை ஊத்திக்கிட்டே மூணு போட்டோ காட்டுன. ஒண்ணு, நீளத்த அப்படியே வுட்டு படிப்படியா வெட்டுறது. ஒண்ணு தோள் வரைக்கும். ஒண்ணு தாடை கிட்ட, ஒரே கோடா, வகிடு ஒரு பக்கமா எடுத்தது. எதுங்க நல்லாருக்குன்னு கேட்ட. நான் மொத போட்டோவக் காட்டினேன், நீளம் போவாதுல்ல. நீ பொறுமையா சொன்ன. முடி கம்மியா இருக்கிறவங்க படி வெட்டினா நுனி இன்னும் எலிவாலா போய்டுமாம். நீளம் ஜாஸ்தி இருந்தா அந்தக் கனமே உச்சில முடிய அழுத்திடுமாம். ஒரே கோடா வெட்டினா நுனியெல்லாம் ஒண்ணா நின்னு திக்கா தெரியுமாம். வருஷக்கணக்கா ஒரே எடத்துல எடுக்கிற வகிட்ட மாத்தினாலே வேரு கொஞ்சம் எழும்பி நிக்குமாம்.

நீ சொன்னது அத்தனையும் சரி. நான் படிச்சது தோல் டெக்னாலஜி, எனக்குப் புரியாம இல்ல. ஆனா என் வாயிலேர்ந்து வந்தது, இருக்கிறதே கம்மி, அதையும் வெட்டினா ஏரியா போய்டும்னு. எங்க தோல் சதுர அடிக் கணக்குல போவுது, ஒரு ஓரம் வீணா வெட்டினாலும் மேனேஜர் கத்துவாரு. அந்த புத்திதான் உன் தலையிலயும் வந்து நின்னுச்சு.

நீ தோசையத் திருப்பிப் போட்டுட்டு, தொளதொள ஓரத்த டிரிம் பண்ணா கிரேடு ஏறும்னு நீங்கதான சொல்வீங்க, தினம் பண்றீங்களேன்னு கேட்ட.

"அது தோலு"ன்னேன்.

"இது மட்டும் இன்னா, செவுத்து மேலயா மொளைச்சிருக்குது?"

 சரி சனிக்கிழமை வேலூர் பார்லருக்குப் போலாம், நானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அந்த சனிக்கிழமை ஷிப்மென்ட். அடுத்த சனிக்கிழமை தோல் வாங்கற பையர் வந்தான். அதுக்கடுத்தது எனக்கே ஞாபகம் இல்ல. ஒண்ணும் இல்லாமலேகூட இருந்திருக்கும். வெட்டினா தெருவுல இன்னா சொல்வாங்க, அம்மா இன்னா சொல்லும்னு எனக்குள்ள ஒரு பேஜார். அத உங்கிட்ட சொல்லாம ஷிப்மென்ட்னு சொல்லிட்டு இருந்தேன்.

நாலாவது வாரம் உன் லைன்ல இருக்கிற தோஸ்த்தக் கூட்டிக்கிட்டு நீயே பஸ் ஏறிட்ட. பதினொன்றரை மணிக்கு போட்டோ வந்துச்சு. செல்ஃபி. பின்னாடி பார்லர் கண்ணாடி, தோள் மேல இன்னும் அந்த கறுப்புத் துணி. தாடை கிட்ட ஒரே கோடா நின்ன முடி. கன்னம் ரெண்டும் தெரிஞ்சுது. கண்ணு பெருசா இருந்துச்சு. நாலு வருஷத்துல உன் கழுத்துல ஒரு மச்சம் இருக்கிறத அன்னிக்குத்தான் பாத்தேன். டேபிளுக்கு எதிர்ல நின்ன பையா, அதான் எங்க செக்‌ஷன் பெரியவர், எட்டிப் பாத்து, யாருப்பா இது, லட்சணமா இருக்குதுன்னாரு. நான் போன கவுத்து வெச்சுட்டேன்.

பதில் போடல. பாத்தேன்னு உனக்கு நீல டிக் போயிருக்கும்.

சாயங்காலம் நான் வந்தப்போ கதவத் தெறந்துட்டு நீ நகரல. வழிய மறிச்ச மாதிரி நின்னுட்டே இருந்த. வேற யாரு இருந்தாலும் அதுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க. நானும் சொன்னேன்.

"வளந்துடும்ல?"

 வளரும்னு சொல்லிட்டு உள்ள போய்ட்ட. அம்மா அன்னிக்கு ஏதேதோ பேசுச்சு, அதுக்கெல்லாம் நீ சரிக்குச் சரி பதில் சொன்ன. எனக்கு மட்டும்தான் அந்த ஒரு வார்த்தை.

வளரல. பதினாறாவது நாள் உனக்கு ஜுரம். டெங்குன்னாங்க. ஆஸ்பத்திரில அவங்களால ஆனதெல்லாம் பண்ணாங்க, அதுல எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. ரெண்டாவது நாள் காலையில கொஞ்சம் தெளிவா இருந்த. சீப்பு இருக்குதான்னு கேட்ட. பக்கத்து பெட் அம்மாகிட்ட வாங்கிட்டு வந்தேன். உனக்குக் கையில ஊசி, அதனால நான்தான் வாரினேன். பழக்க தோஷம், நடுவுல வகிடு எடுத்தேன்.

"இடது பக்கம் எடுங்க"ன்ன. "மாத்தி எடுத்தாதான் எழும்பி நிக்கும்."

எடுத்தேன். முடி என் கையில நெறைஞ்சுது. நெசமாத்தான் சொல்றேன். நுனியெல்லாம் ஒண்ணா சேந்து, உள்ளங்கையில ஒரு கனமா உக்காந்துச்சு. நல்லாருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தாங்க. அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம்னு ஒண்ணு இருக்கும்னு நெனச்சேன்.

இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, உங்கிட்ட சொல்லியாகணும். உன்ன வீட்டுக்குக் கொண்டாந்தப்போ பொம்பளைங்க எல்லாம் சேந்து மஞ்சள் பூசி, கூரைப் புடவை கட்டி விட்டாங்க. பூவோட பொட்டோட போறா, தலை நெறைய வெக்கணும்னு யாரோ சொன்னாங்க. வெச்ச பூ நிக்கல. வழுக்கி வழுக்கி தலைகாணி மேல விழுந்துச்சு. இன்னாது முடி இவ்ளோண்டு இருக்குதுன்னு சித்தி கேட்டுச்சு. ஜுரத்துக்கு ஆஸ்பத்திரில வெட்டிட்டாங்கன்னு அம்மா சொல்லுச்சு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் தலைய ஆட்டினேன்.

சவுரி இருக்குதாடான்னு அம்மா கேட்டுச்சு.

எனக்குத் தெரியும், பீரோ மூணாவது தட்டு. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன். அன்னிக்கு முழுக்க நான் செஞ்ச ஒரே வேலை அதான். யாரோ பொம்பள மாதிரி இருக்குதுன்னு நீ மடியில கழட்டி வெச்சியே, அதோடவே உன்ன அனுப்பி வெச்சேன். நீயா ஆசப்பட்டு எடுத்த ஒரே முடிவு, அத ஜுரத்து மேல போட்டாச்சு. அப்புறம் போட்டோ கேட்டாங்க. காது குத்து போட்டோவக் குடுத்தேன்.

ஒரு வருஷமா அந்த சாய்ஞ்ச கழுத்துக்கு எதிர்லதான் சாப்பிடறேன்.

பார்லர்ல வெட்டினத நீ எடுத்துட்டு வந்து வெச்ச அந்த ஜடைய இன்னிக்கு திரும்பப் பையில போட்டு, அது இருந்த எடத்துலயே வெச்சேன். ஆல்பத்த எடுக்கல. போன்ல அந்த செல்ஃபியத் தேடி எடுத்து, இதத்தான் குடுக்கப் போறேன்னு அம்மாகிட்ட காட்டினேன். அம்மா கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பாத்துச்சு. உன்ன அதுக்குப் பிடிக்காம இல்ல, உனக்கே தெரியும். "முடி எங்கன்னு கேக்கறவங்களுக்கு இன்னாடா சொல்றது?"

"அவளே ஆசப்பட்டு வெட்டிக்கினான்னு சொல்லு. ஆஸ்பத்திரி வெட்டலன்னு சொல்லு."

 அப்போ நாம அன்னிக்கு சொன்னதுன்னு அம்மா இழுத்துச்சு. பொய்னு சொல்லிடலாம்மான்னேன். கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடச்சிட்டு, செரி போ, கடை மூடிடுவான்னுச்சு.

கடைக்காரர் படத்தப் பெருசாக்கிப் பாத்தாரு. பின்னாடி பார்லர தூக்கிட்டு நீல வானம் போட்டுடறேன்னாரு. சரின்னேன். அப்புறம் தலை கிட்ட அம்புக்குறிய கொண்டு போய், "முடிய கொஞ்சம் ஃபுல்லா பண்ணி விட்டுடவா சார்? ஒரு நிமிஷம்தான்"னாரு. நல்ல மனுஷன், எல்லாருக்கும் பண்ற மாதிரிதான் கேட்டாரு.

வேணாம்னேன். அது ஃபுல்லாதான் இருக்குதுன்னேன். எதிர்ல நீ நிக்கறப்போ சொல்ல வேண்டியத, ஒரு வருஷம் கழிச்சு பிளக்ஸ் கடையில சொல்றேன்.

பிரிண்ட் போடற நேரத்துல ஏதோ இடிச்சுது. உன் முகம்தான், ஆனா எங்கியோ சரியில்ல. குறை எங்கன்னு தேடறதுதான எனக்கு வேல, தேடினேன். கண்டுபிடிச்சிட்டேன். செல்ஃபிங்கிறதால கண்ணாடில தெரியிற மாதிரி பக்கம் மாறி விழுந்திருக்கு. வகிடு வலது பக்கம் இருக்குது. மச்சமும் மாறியிருக்குது.

திருப்பிப் போடுங்கன்னேன். யாருக்கு சார் தெரியப் போவுதுன்னாரு.

எனக்குத் தெரியும். அந்த வகிட்ட எடுத்தவன் நான். ஒரே ஒரு தடவ, இரவல் சீப்புல, நீ சொன்ன பக்கம். அவர் ஒரு பட்டன அமுக்கினாரு. நீ திரும்பி என்னப் பாத்த.