புஷ்பம் இறுக்கிய கிளட்ச் கம்பி

1943 நவம்பர் 9, செவ்வாய்.

என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றினால் வண்டியே தூக்கிப் போடும். கிளட்ச் கம்பி தொய்ந்திருக்கிறது என்று எத்தனை முறை சொன்னேன்! "டீச்சர், உங்க காலேஜ்ல மோட்டாரும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று சிரிப்பார். வீட்டிலும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

இன்று ரிங்லெட் ஊர் மோட்டார் பட்டறையில் புஷ்பத்திடம் காட்டினோம். அவள் கணவனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனபின் பட்டறையை அவள்தான் நடத்துகிறாள். "கம்பி லூசா இருக்குலா அண்ணே. அதான் கியர் முட்டுது," என்றாள்.

"அட, சரியாச் சொன்ன புஷ்பம்!"

அவளை மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறார். அந்த 'அண்ணே'யையும் நான் நம்பவில்லை.

அவள் திருகாணியைத் திருகிக் கம்பியை இறுக்கிக் கொடுத்தாள். திரும்பும்போது மேட்டில்கூடக் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. "பார்த்தீங்களா டீச்சர்!" என்றார். பார்த்தேன். முன்பெல்லாம் வண்டி குலுங்கும்போது அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். குலுங்குகிற வண்டியில் பிடித்தால் யாரும் எதுவும் நினைக்க முடியாது. இன்று வீடுவரை கைகளை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

வண்டி வாசலில்தான் நிற்கிறது. அந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் கம்பி தளரும் என்று எனக்குத் தெரியும்.