கத்தரீனாள் என்று ஒருத்தி

நவம்பர் 12, செவ்வாய்
எங்கள் ஏலக்காய்த் தோட்டக்காரர் சங்கத் தலைவர் பெயரில் வந்த போலி மடலை மேனேஜர் மாரீஸ்வரன் சார் திறந்துவிட்டார். அரை நாள் வேலை கெட்டது. "இந்தக் குப்பைய நிறுத்த வழி பாரு பின்சி" என்றார், நான் என்னவோ கூப்பிட்டு வரவழைத்த மாதிரி.

சர்வரில் முகவரிச் சோதனையைப் போட்டுவிட்டேன். இனி எந்த மடல் வந்தாலும், அனுப்பிய முகவரியில் ஆள் உண்டா என்று முதலில் விசாரிக்கும். இல்லையென்றால் வாசலோடு திருப்பிவிடும்.

நவம்பர் 13
குப்பை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நவம்பர் 14, வியாழன்
போடிமெட்டிலிருந்து சிலுவைராஜ் அண்ணாச்சி போன். "ரெண்டு நாளா ஏலக்கா விலை வரலியே. கத்தரீனாப் பிள்ளைக்கு மேலுக்கு முடியலியாம்மா?"

கத்தரீனாள்!

ஏல மண்டபத்துக் கம்ப்யூட்டர் தினமும் விலையை அனுப்புவது அவள் பெயரில்தான். அப்படி ஒருத்தி கிடையாது. அப்போது இங்கே என்னோடு வேலை பார்த்த ஜோமோனும் நானும் இந்தச் சர்வரை அமைத்தபோது, பெயரில்லாமல் வரும் விலையைத் தோட்டக்காரர்கள் நம்பமாட்டார்கள் என்றான் அவன். அன்று புனித கத்தரீனாள் திருநாள். அந்தப் பெயரையே வைத்தான். பெயர் மட்டும்தான், அஞ்சல் பெட்டி கிடையாது. இப்போது என் சோதனை விசாரித்திருக்கிறது, என் சர்வரே ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறது.

அப்போதெல்லாம் எவ்வளவு சிரிப்போம். கத்தரீனாளுக்கு இன்று லீவு, கத்தரீனாளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று. அவன் அயர்லாந்து போன பிறகு இந்த ஆபீசில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

நவம்பர் 15
இல்லாத ஆள் பெயர் எதற்கு, சங்கத்தின் பெயரைப் போடு என்கிறார் சார். அவர் சொல்வது சரிதான். ஆனா எனக்கு மனசு வரல. அவன் போனப்புறம் இங்க மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் நானே அழிக்கவா?

தோட்டக்காரர்களுக்குப் பழகிய பெயர், மாற்றினால் போலி என்று நினைப்பார்கள் என்றேன். அதுவும் உண்மைதானே? முனகிக்கொண்டே சம்மதித்தார்.

கத்தரீனாளுக்கு ஒரு பெட்டி திறந்தேன். சாயங்காலம் விலை மடல் போனது.

நவம்பர் 18
கத்தரீனாளுக்கு நிறைய மடல். உடம்பு தேவலையா என்று பாதிப் பேர். சிலுவைராஜ் அண்ணாச்சி சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்து சீட் சோனாவிடம் காட்டினேன். ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நவம்பர் 25, திங்கள்
கத்தரீனாள் பெட்டியில் ஜோமோன்.

அவன் அம்மாவின் தோட்டத்துக்காக அவனுக்கும் விலை மடல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"நடுவுல விலை நின்னுச்சே, பின்சி சோதனை போட்டுட்டாள்னு அப்பவே தெரிஞ்சது. பேரை மாத்திருவாள்னு நெனச்சேன். மாத்தல. அப்ப உனக்குப் பெட்டி இருக்கணும். திருநாள் வாழ்த்து கத்தரீனா. பின்சி எப்படி இருக்கா? அவகிட்ட நேரா கேக்க எனக்குத் தைரியம் வரல."

கத்தரீனாள் பெயரில் பதில் எழுத ஆரம்பித்தேன். நாலு வரி எழுதி அழித்தேன்.

பிறகு என் முகவரியிலிருந்தே அனுப்பினேன்.