அப்பாவைக் கேட்டால் மட்டும் நிற்கும் வீடியோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? போனில் கேட்டால் மழுப்புவாய் என்றுதான் எழுதுகிறேன்.

புது அப்டேட் போட்டதிலிருந்து என் போனில் வைஃபை ஊர்ந்தது. கூடத் தங்கியிருக்கும் வெல்டர்தான் நெட்டையெல்லாம் தின்கிறான் என்று அவன்மேல் பாய்ந்தேன். "இன்ஜினியர் சார், என்னோடது பட்டன் போனு!" என்று நீட்டிக் காட்டினான். அசடு வழிந்தேன். பிறகு வைஃபை இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். சரியாகிவிட்டது.

இப்போது உன் முகம் பளிச்சென்று தெரிகிறது. அப்பாவைக் கேட்டால் மட்டும், "நெட்டு ஸ்லோவா இருக்குப்பா" என்று வீடியோவை நிறுத்திவிடுகிறாய். எந்த அப்டேட்டும் ஆள் பார்த்து நெட்டைக் கெடுக்காது, அம்மா.

அப்பாவின் மருந்துச் சீட்டு இருந்தால் படமெடுத்து அனுப்பு. ஞாயிறன்று போனை அவர் கையில் கொடு. அவரிடம் திட்டு வாங்கியே மூன்று வாரமாகிறது.

ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகன்