தூங்கும் அறையிலிருந்து

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? சாயங்காலம் உன் காலைத் தூக்கித் தலையணைமேல் வைப்பது மாப்பிள்ளையின் வேலை. நான் சொன்னதாகச் சொல், தட்டமாட்டார்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டாலே எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால்தான்.

குழந்தைகள் காப்பகத்தின் தூங்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து வாண்டுகள் எல்லாம் படுத்தாயிற்று. நீலத் திரையை இழுத்துவிட்டால் அறை தண்ணீருக்குள் இறங்கியதுபோல் ஆகிவிடுகிறது. சின்னச் சின்ன மெத்தைகள், ஜோடி மாறிக் கிடக்கும் காலணிகள், வியர்த்த தலைகளின் வாசனை. ஒருத்தன் தூக்கத்தில் சிரிக்கிறான். காரணம் தெரியாமல் நானும் சிரிக்கிறேன். இந்த நேரத்தில் எனக்கு வயதே இருப்பதில்லை.

என் சீருடைப் பொத்தானைப் பிடித்தபடி ஒருத்தி மடியோரம் தூங்குகிறாள். அதனால் அவளுக்குப் பெயரே பொத்தான். மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. "போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். சில சமயம் உதட்டைக் குவிப்பாள். இதோ வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். அப்படியே விட்டுவிடுவாள். அந்த நொடியில் நான் என்ன செய்ய வேண்டும்? நான் முடித்த மழலையர் கல்விப் படிப்பில் அதைச் சொல்லித் தரவில்லை.

சான்றிதழ் வந்த அன்று மேனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இத்தோட நிறுத்திடாதீங்க" என்றார். அவர் ஓய்வு பெற்றதும் இந்தக் காப்பகத்தை நானே நடத்தலாமாம். பட்டப்படிப்பு படித்தால் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராகலாமாம். பேச்சு தாமதமாகும் குழந்தைகளோடு வேலை செய்வதற்கென்றே தனியாக ஒரு படிப்பும் இருக்கிறதாம், இரண்டு வருடம். அதைக் கேட்டதும் என் கை தானாகப் பொத்தானைத் தேடியது.

உன்னிடம் சொல்லாமலே அந்தப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கோபித்துக்கொள்ளாதே. கேள்வி கேட்ட பேராசிரியைக்குக் கடுமையான ஜலதோஷம், பாவம். பேசப் பேச மூக்கு ஒழுகியது. எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, எழுந்துபோய் அவர் நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டு, பையிலிருந்த டிஷ்யூவை அவர் மூக்கில் வைத்து, "சிந்துடா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவரும் சிந்திவிட்டார். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. என் மானம் கப்பலேறியது. அவர் டிஷ்யூவை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்கம்மா போனப்புறம் இப்பதான்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடம் கிடைத்துவிட்டது.

உன் அப்பா, "பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல புத்தகப் பையா" என்று கிண்டலடித்தார். மறுநாள் அவரே ஒரு பை வாங்கி வந்தார். தண்ணீர் பாட்டிலுக்குத் தனி இடம் இருக்கிறதென்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்குவதும் உனக்குக் குழந்தை பிறப்பதும் ஒரே மாதம். "படிச்ச ஆயா நம்ம வீட்டுலயே இருக்கும்போது எனக்கென்ன கவலை, ரெண்டு வருஷம் வந்து இரும்மா" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. உன்மேல் வருத்தமில்லை, கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. பிரசவத்துக்கு நான் இல்லாமலா? பேராசிரியையிடம் முன்கூட்டியே விடுப்புக் கேட்டு வைத்துவிட்டேன். சில வாரம் இருந்து உன்னையும் பிள்ளையையும் தேற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். அதற்குமேல் என்னால் இருக்க முடியாது, கண்ணு. எழுதிவிட்டேன், அப்பாடா.

உன்னை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது கல்லூரிப் புத்தகத்தைக் கீழே வைத்தேன். யாரும் பிடுங்கவில்லை. நானேதான் வைத்தேன், சந்தோஷமாகத்தான் வைத்தேன். எங்கே வைத்தேன் என்று மட்டும் அவ்வப்போது தேடுவேன்.

நேற்று ஒரு கனவு. அப்பா வாங்கிய பையை மாட்டிக்கொண்டு ஒரு பள்ளி வாசலில் நிற்கிறேன். என் கையைப் பிடித்திருப்பது நீ. நான் உன் இடுப்பு உயரம்தான் இருக்கிறேன். மணி அடிக்கிறது. நீ கையை விடவில்லை, எனக்கும் உதற மனமில்லை. உள்ளே யாரோ பாடுகிறார்கள்.

பொத்தானின் விரல்கள் இப்போதுதான் தளர்கின்றன. நன்றாகத் தூங்கிவிட்டால் தானாகவே விட்டுவிடுவாள். அதற்குமுன் நான் எழுந்தால் அழுவாள் என்று அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

நீ நல்லபடியாகப் பிள்ளை பெற்று, அது சிரிப்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். இதைப் படித்ததும் போன் செய். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். பள்ளியில் சேர்த்த அன்று வாசலில் என் சேலையை விடாமல் நீ அழுதபோது உன்னிடம் நான் சொன்னதையே என்னிடம் சொல். போயிட்டு வாம்மா என்று சொன்னால் போதும். நான் அழாமல் உள்ளே போவேன்.

உன் அம்மா