உப்பு வைக்காத கமேலியா

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னபடிதான் நடந்தது, சாவயே அக்கா. உன் இடுப்பு வலி தேவலையா? அத்தான் சுகமா?

இங்கே சிகராக்கியில் எங்கள் சூளையின் கூரை வளைவில் விரிசல் விட்டிருக்கிறது. நேற்று நான் வனைந்த ஜாடியில் முதலாளி குரோயிவா ஒற்றைக் கமேலியாப் பூவைச் செருகி வேலைக்காரர்கள் எங்கள் நடுவில் வைத்தார். அந்த ஜாடிக்காக ஒசாகாவின் பூ அலங்கார ஆசிரியைகள் எல்லாம் அடித்துக்கொள்கிறார்கள், தெரியுமா? ஆனால் கமேலியா இதழ் இதழாக உதிராது, தலையோடு விழும். ஆபத்தான வேலைக்கு முன்னால் அதை யாராவது வைப்பார்களா?

"பூ நடுவுல உப்பு வச்சீங்களா, ஐயா? இல்லேன்னா தலை உருண்டுடும்" என்றேன்.

"உன் வாயிலதான்டா உப்பைக் கொட்டணும்" என்று சிரித்தார்.

நான் வாயை மூடுவதற்குள் பூ பொத்தென்று விழுந்து, உருண்டு, அவர் முழங்காலில் முட்டி நின்றது.

நாளைக் காலை ஒருவர் சூளைக்குள் தவழ்ந்துபோய்க் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சின்ன வேலைதான். கெட்டியான காலுறையும் நீ போட்ட பிளம் ஊறுகாயும் அனுப்பு. இரண்டு வரியாவது எழுது.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார். ஒன்று மட்டும் என் கைச்சரக்கு, அக்கா. பூ முட்டி நின்றது முதலாளியின் முழங்காலில் இல்லை. நாளைக்கு உள்ளே போகிற என் முழங்காலில்.

உன் தம்பி,
கொஹெய்