ஊசியை நிறுத்தி வைத்த டாக்டர்

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம் என்று எழுதினால் அது முக்கால் உண்மை, மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, இதை எழுதும்போது அம்மா அடுத்த அறையில் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் எனக்குக் கேட்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே மகள் போய் டாக்டர் வந்துவிடுவாள், ரிப்போர்ட்டை அனுப்புங்க என்பாள், நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் பொறுமையாகக் கேள்.

கொஞ்ச நாளாகவே அம்மாவுக்குத் தலைவலி இருந்தது உனக்குத் தெரியும். கண்ணாடி சரியில்லை என்று மாற்றினாள், மாற்றிய கண்ணாடியையும் மாற்றினாள். அது போதாதென்று பாதத்தில் எரிச்சல், நெருப்பு மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டே தைப்பாள், மெஷின் மிதித்து மிதித்து வந்தது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். கடைசியில் நம் தெருமுனை கிளினிக்கில் எதற்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்றார்கள், கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை நான் ஒரு மாணவனுக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது லேப்பிலிருந்து போன், பொட்டாசியம் ரொம்ப அதிகமா இருக்கு, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றார்கள். அந்தப் பிள்ளையை அங்கேயே இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். டிரைவிங் ஸ்கூல் கார்தான் கையில் இருந்தது, அம்மா உட்கார்ந்தது பாடம் சொல்லும்போது நான் உட்காரும் சீட்டில், அங்கே தனியாக ஒரு பிரேக் இருக்கிறதே, ஆஸ்பத்திரி போகிற வரை நான் முடுக்க முடுக்க அவள் மிதித்துக்கொண்டே வந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நீங்க ஓட்டற வேகத்துலதான் ஏதாவது ஆகப் போவுது" என்றாள்.

அவசரப் பிரிவில் எங்களைக் கேட்கக்கூட இல்லை. லேப்பில் வாங்கி வந்த சீட்டைப் பார்த்ததும் ஒருத்தர் கட்டிலில் படுக்க வைத்தார், ஒருத்தர் நெஞ்சில் வயர் ஒட்டினார், ஒருத்தர் கையில் ஊசிக் குழாய் ஏற்றினார், யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை, அவரவர் வேலை அவரவர்க்குத் தெரிந்திருந்தது. சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது, பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாமாம், அதற்கு முதலில் இது, அப்புறம் இது என்று, அதைத்தான் புரோட்டோகால் என்கிறார்கள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஒரு இளம் பெண் டாக்டர் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், வணக்கம் சொல்ல வாயைத் திறந்தவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது, சாரிம்மா, டியூட்டி முடியற நேரம் என்றாள். அம்மா அந்த நிமிஷமே அவளுக்குக் கொட்டாவி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினாள், முதல் தடவை ஏதாவது தப்பாயிருக்கலாம் இல்லையா. திரும்பி வந்த நம்பர் முன்னதைவிட இன்னும் கொஞ்சம் கூட. இதயத்தைக் காப்பாற்றும் கால்சியம் ஊசியைப் போட்டார்கள், அது பட்டியலில் முதலாவது. இரண்டாவது இன்சுலினும் குளுக்கோஸும், அது பொட்டாசியத்தை இறக்குமாம், நர்ஸம்மா தட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அங்கேதான் கொட்டாவி டாக்டர் கையைக் காட்டி ஒரு நிமிஷம் என்று நிறுத்தினாள்.

ஈ.சி.ஜி. தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். அம்மா அப்போது பக்கத்துக் கட்டிலின் திரையில் தையல் பிரிந்திருப்பதைப் பற்றி நர்ஸம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "விரலெல்லாம் எப்பவுமே இப்படித்தான் செவந்திருக்குமாம்மா?" என்று கேட்டாள். அம்மா மெஷின் கதை, வாளித் தண்ணீர் கதை, கண்ணாடிக் கதை எல்லாவற்றையும் சொன்னாள், எனக்கானால் பதற்றம், இது என்ன ஊர்க்கதை பேசுகிற நேரமா என்று. அவளோ செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு லேப்புக்குப் போன் போட்டாள், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணு எவ்வளவு வந்திருக்கிறது, இன்னும் பார்க்கவில்லையா, இப்போதே பாருங்கள் என்றாள்.

இதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார், அந்தப் பிரிவுக்குத் தலைவர், உயரமான மனுஷர். தட்டில் ஊசி அப்படியே இருப்பதைப் பார்த்து யார் நிறுத்தச் சொன்னது என்றார். நான்தான் சார், ஈ.சி.ஜி. சுத்தமா இருக்கு, இந்த நம்பர் மேல எனக்கு நம்பிக்கை வரல என்றாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை சிட்டு. "நம்பர் தப்பா இருந்தா ஒரு ஊசி வீணாப் போவும். நீ தப்பா இருந்தா இந்த அம்மா போயிடுவாங்க" என்றார். அவளும் பின்வாங்கவில்லை. "ஊசி வீணாப் போவாது சார். உடம்புல பொட்டாசியம் சரியா இருந்து நாம அதை இறக்கிட்டோம்னா அந்த ஊசியே இவங்களைப் படுத்திடும். பிளேட்லெட் ரொம்ப அதிகமா இருந்தா, ரத்தம் குழாய்ல உறையறப்போ அதுங்க உடைஞ்சு பொட்டாசியத்தைக் கொட்டும், உடம்புக்குள்ள அவ்வளவு இருக்காது. ரத்தம் உறையாத குழாய்ல எடுத்து மேல்மாடி ஐ.சி.யூ. மெஷின்ல உடனே பாத்துடலாம்" என்றாள். அம்மா என் பக்கம் திரும்பி, நான் இங்க படுத்திருக்கேன், போயிடுவாங்க போயிடுவாங்கன்னு என் காதுபடவே பேசறாங்க பாருங்க என்றாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. எழுதி ஒட்டியிருக்கிறது, எத்தனையோ பேர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார்கள், அதை ஒரு கொட்டாவி விடுகிற பெண் எப்படி நிறுத்தலாம்? கத்தாததற்குக் காரணம் அம்மாதான். அவள் அந்தப் பெண்ணிடம், "காத்திருந்தா நீங்க பக்கத்துல இருப்பீங்களா, டியூட்டி முடிஞ்சு போயிடுவீங்களா?" என்று கேட்டாள். அவள் நகரமாட்டேம்மா என்றாள். சரி அப்ப காத்திருக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரிய டாக்டர் ஈ.சி.ஜி.யை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஊசித் தட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன், மானிட்டர் திரையில ஒரு கோடு கோணினாலும் போட்டுடுவேன் என்றார். நின்றார், உண்மையாகவே நின்றார். நாங்கள் எல்லாரும் அந்தத் திரையில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம், நான் இத்தனை வருஷத்தில் உங்கம்மாவின் இதயத்தை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

மேல்மாடியிலிருந்து போன் வந்தது. பொட்டாசியம் சரியாக, இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அடுத்து லேப்பிலிருந்து பிளேட்லெட் கணக்கு வந்தது, இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு. பெரிய டாக்டர் தட்டை நர்ஸம்மாவிடம் கொடுத்து எடுத்துட்டுப் போங்க என்றார், கொட்டாவி டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மாவுக்கு எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு கோளாறு, அது பிளேட்லெட்டை அளவில்லாமல் செய்து தள்ளுகிறதாம், தலைவலியும் பாத எரிச்சலும் அதனால்தான். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் என்றைக்காவது மூளையில் ரத்தம் கட்டியிருக்கலாமாம். இப்போது ரத்த நிபுணரிடம் போய்க்கொண்டிருக்கிறோம், மஜ்ஜை சோதனையும் ஆகிவிட்டது, ஒரு சின்ன ஆஸ்பிரினும் பிளேட்லெட்டைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார், ஆஸ்பிரின் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வாளி திரும்பக் குளியலறைக்குப் போய்விட்டது. வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டிய வியாதி, ஆனால் கவனித்தால் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்கிறார். ரிப்போர்ட்டுகள் எல்லாம் தனியாக உனக்கு வரும், நீயும் பார், உனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடமே கேள்.

இதைக் கேள்விப்பட்ட உன் மாமா என்ன செய்தான் தெரியுமா, நேராக வீட்டுக்கு வந்து, "பாத்தீங்களா மச்சான், டாக்டருங்க எல்லாம் எழுதி வச்சதை வச்சுப் பொழப்ப ஓட்டறாங்க, நான் எப்பவும் சொந்தமா யோசிக்கறவன், அந்த மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லுங்க அக்காவ" என்றான். சொந்தமாக யோசிக்கிறவன் போன வாரம் போனில் வந்த ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அதில் சொன்னதைக் குடித்து வாயெல்லாம் வெந்துபோய் வந்தவன். அம்மா அவனிடம், அந்தப் பொண்ணு என் காலைத் தொட்டுப் பாத்துட்டு யோசிச்சா, நீ சோபாவுல உக்காந்துக்கிட்டு யோசிக்கறே என்றாள். அதற்குமேல் அவன் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆனால் மாமாவைச் சிரித்துத் தள்ளினாலும் எழுதி வைத்ததை ஒருத்தி மீறலாமா என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நிபுணரைப் பார்க்கப் போன ஒரு நாள் கேன்டீனில் பெரிய டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, அன்றைக்கு அந்தப் பெண் ஊசியை நிறுத்தியது சரிதானா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அன்னைக்குச் சரி என்றார். பிறகு, "அந்தத் தாள் வர்றதுக்கு முன்னாடி இங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க புத்திப்படிதான் செஞ்சாங்க. புத்திசாலி கையில மாட்டினவங்க பொழைச்சாங்க. மத்தவங்க கையில மாட்டினவங்களை யார் கேட்டா? பொட்டாசியம் நெசமாவே ஏறினவங்களும் உங்க வீட்டம்மா மாதிரியே சிரிச்சுப் பேசிட்டுதான் இருப்பாங்க, பேச்சு பாதியில நிக்கும். நாளைக்கு இவளைப் பாத்து இன்னொருத்தன் ஊசியை நிறுத்துவான், அவனுக்குப் பிளேட்லெட்டைக் கேக்கத் தோணுமா?" என்றார். என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பச்சை விளக்கு விழுந்ததும் தெருவைப் பார்க்காமலே கிளம்புகிறவர்கள் உண்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சிவப்பில் கிளம்புகிறவர்களும் உண்டு, இருவர் பக்கத்திலும் உட்கார எனக்குப் பயம்தான்.

கொட்டாவி டாக்டரிடமும் கேட்டேன், அவள் சொன்னது இன்னும் விசித்திரம். "அங்கிள், எனக்கு யோசிக்க நேரம் கெடச்சதே அந்தத் தாளாலதான். வயர், கால்சியம் எல்லாம் நான் சொல்லாமலே நடந்துச்சு, இல்லேன்னா நான் அதைத்தான் கத்திக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தினம் எத்தனையோ பேரைப் பட்டியல்படி பார்த்து அனுப்பிவிடுகிறேன், யோசிப்பதே இல்லை, அதில் யாரைத் தவறவிட்டேனோ தெரியவில்லை என்றாள். இப்போது அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்திருக்கிறார்களாம், பிளேட்லெட்டையும் பார் என்று எழுதுவது சுலபம், நோயாளியைப் பார்த்து யோசி என்பதை எப்படி எழுதுவது, எழுதினால் அதையும் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்களே என்று தலையைச் சொறிந்தாள். ஒருத்தி யோசித்தது நாளைக்கு எல்லாருக்கும் விதியாகிவிடுகிறது, அப்புறம் அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை, இது நல்லதா கெட்டதா, உனக்குத் தெரிந்தால் எழுது.

போன முறை பேசும்போது நீ சொன்னாயே, மனுஷங்களைப் பாக்கறதே இல்லப்பா, கம்ப்யூட்டர் திரை கேக்கறதுக்குப் பதில் சொல்றதுதான் வேலையா இருக்கு, விட்டுட்டு வந்துடலாம் போல இருக்கு என்று. நான் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். வருவதென்றால் வா, உன் அறை உனக்காக இருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும், உன்னைச் சோதிப்பதற்காக இல்லை, நிஜமாகவே ஆசையாக இருக்கிறது தெரிந்துகொள்ள. அந்தக் கட்டிலருகில் அன்று நீ நின்றிருந்தால், படுத்திருப்பது அம்மா இல்லை, முன்பின் தெரியாத ஒருத்தி என்றால், ஊசியை நிறுத்தியிருப்பாயா? போட்டிருப்பேன்ப்பா என்று நீ எழுதினாலும் எனக்கு உன்மேல் ஒரு குறையும் வராது, பெரிய டாக்டரும் போட்டிருப்பார், அவர்தான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை அவளருகில் நின்றவர். போடுவதற்கு முன் அவள் கையை ஒரு தரம் பிடித்துப் பார்த்திருப்பாயா, அதை மட்டும் யோசித்துச் சொல்.

அம்மா உன்னையும் ஒரு தரம் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள், இது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று நிபுணர் சொல்லியும் அவள் கேட்பதாக இல்லை, அதனால் மறக்காமல் செய்துவிட்டு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ எங்கே இருந்தாலும், என்ன முடிவு எடுத்தாலும், உடம்பும் மனசும் திடமாக நீண்ட நாள் நன்றாயிரு. உன் கை படுகிறவர்கள் எல்லாம் எழுந்து வீட்டுக்கு நடந்து போகட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா